இங்கிலாந்தில் ஒன்பது மாத சிகிச்சை: ஒரு வேலி நிலத்தை விசா அதிகாரிக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி: எங்கள் ஊர் குடவாசல் பக்கம். மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு பிறவியிலிருந்தே ஒட்டாத குறை. இங்கே இரண்டு ஆபரேஷன் செய்தும் சேரவில்லை. பார்த்த டாக்டரே இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டார். செப்டம்பர் முதல் வாரம் சேர்த்துக்கொள்வதாகவும், ஒன்பது மாதம் தங்க வேண்டியிருக்கும் என்றும் பதில் வந்திருக்கிறது. என் தம்பி அங்கே வேலையில் இருக்கிறான், செலவில் பாதியை அவன் ஏற்கிறான். மீதி எங்கள் பொறுப்பு. ஒரு வேலி (சுமார் ஆறரை ஏக்கர்) நிலம், அதில் பாதி கோயில் குத்தகை. என் கணவர் இதுவரை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. அவருக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை. இங்குள்ள ஏஜென்ட் ஒருவர், "மாமா வீட்டுக்குப் போறோம்னு ஆறு மாச விசா எடுங்க, மீதியை அங்க போய் நீட்டிக்கலாம். கணக்குல இருபது லட்சம் ஒரு மாசத்துக்கு நான் போட்டுத் தர்றேன்" என்கிறார். செய்யலாமா? மகனோடு ஒன்பது மாதமும் நான் இருக்க முடியுமா?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏஜென்ட் சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் கையில் இருப்பது நேர்மையான காரணம், நேர்மையான பணம். அதன்மேல் ஒரு பொய்யைப் போர்த்தினால் உண்மையும் சேர்ந்து கெட்டுப்போகும். விண்ணப்பத்தில் பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்தது தெரிந்தால், 10 ஆண்டு வரை எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்க பிரிட்டன் சட்டத்தில் இடமிருக்கிறது. "மாமா வீடு" என்று எழுதிவிட்டு ஹீத்ரோவில் பையன் ஊன்றுகோலோடு இறங்கினால், கேட்கும் முதல் கேள்வியிலேயே கதை முடிந்துவிடும்.

இதற்கென்றே நேர்வழி இருக்கிறது. பிரிட்டனின் சாதாரணப் பார்வையாளர் விசா 6 மாதம். ஆனால் சொந்தச் செலவில் சிகிச்சைக்கு வரும் நோயாளிக்கு மட்டும் அதே விசாவை 11 மாதம் வரை தருவார்கள். விண்ணப்பத்திலேயே அந்தப் பிரிவு தனியாக இருக்கும், கட்டணமும் கூடுதல். பையனுக்கு அதைத்தான் கேட்க வேண்டும். அங்கே போய் நீட்டிப்பது என்பது முற்றிலும் இல்லாத விஷயமல்ல. சிகிச்சை முடியாவிட்டால் இன்னும் 6 மாதம் கேட்கலாம். ஆனால் அதுவரையிலான மருத்துவமனை பில் முழுதும் கட்டியிருக்க வேண்டும், அங்குள்ள மருத்துவர் கடிதம் தர வேண்டும். காலில் கம்பி மாட்டியிருக்கும் பையனை வைத்துக்கொண்டு அந்தப் பதற்றம் உங்களுக்கு எதற்கு?

முதலில் மருத்துவமனைக் கடிதம். இப்போது உங்களிடம் இருப்பது மின்னஞ்சல் பதில் மட்டும் என்று நினைக்கிறேன். அது போதாது. நோய் என்ன, செய்யப்போகும் சிகிச்சை என்ன, எந்த இடத்தில், எத்தனை நாள், மதிப்பீட்டுச் செலவு எவ்வளவு, இத்தனையும் ஒரே கடிதத்தில், சிகிச்சை தரும் நிபுணரின் கையெழுத்தோடு வேண்டும். அந்த நிபுணரின் பதிவு எண்ணையும் கேளுங்கள். பிரிட்டனின் பொது மருத்துவ கவுன்சில் பதிவேட்டை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். அது உங்கள் நிம்மதிக்கும்தான்.

ஒன்பது மாதம் ஏன் என்பதற்கு அவர் இரண்டு வரி எழுதினால் நல்லது. இந்த வகைச் சிகிச்சையில் எலும்பை வெட்டி, வெளியே வளையம் மாட்டி, மெதுவாக நகர்த்துவார்கள். திருகை ஒரு தடவைக்கு கால் மில்லிமீட்டர் வீதம் நாளுக்கு நான்கு முறை, மொத்தம் நாளுக்கு 1 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் வளர வேண்டுமென்றால் அதற்கே ஐம்பது நாள். பிறகு அந்தப் புது எலும்பு கெட்டிப்பட அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடிக்கும். அதற்கப்புறம் நடைப் பயிற்சி. நான் டாக்டர் இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் இந்தக் கணக்கு கடிதத்தில் இருந்தால், ஒன்பது மாதத்தை அதிகாரி சந்தேகமாகப் பார்க்க மாட்டார். இந்தச் சிகிச்சை இந்தியாவில் கிடைக்காது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. அமெரிக்க விசாவுக்குத்தான் உள்ளூர் மருத்துவர், ஏன் அங்கே போக வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். இருந்தாலும் இங்கே செய்த இரண்டு ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரிகளை வையுங்கள். அவை பேசும்.

இனி பணம். உங்கள் விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். வங்கியில் அந்நியச் செலாவணி மேசையில் 22 வருஷம் இருந்துவிட்டு விசா ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வந்தவன் நான். மருத்துவக் காகிதத்தில் குறை என்று நிராகரிக்கப்பட்ட டெல்டாக் குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை" என்ற வரியால் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம்.

அய்யம்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் சில வருஷம் முன்பு வந்தார், மனைவியின் சிகிச்சைக்கு. பாஸ்புக்கைத் திறந்தேன். வருஷம் முழுக்க நாற்பதாயிரத்தைத் தாண்டாத கணக்கு, நாலே நாளில் பதினெட்டு லட்சம். அதுவும் ரொக்கமாக. களவாடிய காசில்லை, ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தை விற்றது. ஆனால் பத்திரத்தில் கைடுலைன் மதிப்பு ஏழு லட்சம்தான். மீதியைக் கையில் வாங்கி, அப்படியே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். என்னிடம் வருவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட்டது, நிராகரிப்பும் வந்துவிட்டது. பார்வையாளர் விசாவுக்கு மேல்முறையீடு கிடையாது, திரும்பக் கட்டணம் கட்டித் திரும்பத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் முறை பத்திரத்தில் இருந்த ஏழு லட்சத்தை மட்டும் காட்டி, மீதிச் செலவுக்கு வெளிநாட்டிலிருந்த மருமகனின் சம்பளக் கணக்கை வைத்தோம். கிடைத்தது. ஆனால் இரண்டு மாதம் போனது போனதுதான். இதைப் படித்த பிறகு, ஏஜென்ட் போடும் இருபது லட்சம் என்னவாகும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டாம்.

வருமான வரிக் கணக்கு இல்லையே என்று வெட்கப்பட வேண்டாம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதை முகப்புக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். வருமானத்தைக் காட்ட உங்களிடம் வேறு நல்ல சாட்சி இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு நுகர்பொருள் வாணிபக் கழகம் பணத்தைக் கணக்கில்தானே வரவு வைக்கிறது. அந்த ரசீதையும், பாஸ்புக்கில் அதே தொகை விழுந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதைவிடத் தெளிவான சம்பளச் சீட்டு எந்தக் கம்பெனியும் தராது. தனியார் வியாபாரிக்கு ரொக்கத்துக்குப் போட்ட நெல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வங்கி அறிக்கை ஆறு மாதத்துக்குப் போதும் என்று பலர் சொல்வார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. உங்களுக்கு ஆகாது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை எடுத்துப் பாருங்கள்: உழவு, விதை, உரம், ஆள் கூலி என்று போய்க்கொண்டே இருக்கும், வந்தது ஒன்றும் இருக்காது. மேட்டூர் எப்போது திறக்கிறது, சம்பா எப்போது அறுக்கிறது என்று அந்த அதிகாரிக்கு என்ன தெரியும்? இரண்டு வருஷ அறிக்கை கொடுங்கள். குறுவைப் பணம் எந்த மாதம், சம்பா, தாளடிப் பணம் எந்த மாதம் என்று முகப்புக் கடிதத்தில் மூன்று வரி எழுதுங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும் கணக்கு அப்போதுதான் அவருக்கு ஒழுங்காகத் தெரியும்.

நிலக் காகிதம். சொந்தப் பாதிக்குப் பட்டா, சிட்டா. கூட்டுப் பட்டாவாக இருந்தாலோ இன்னும் மாமனார் பேரிலேயே இருந்தாலோ, வாரிசுச் சான்றையும் வையுங்கள். இப்போது பட்டா மாற்றத்துக்கு ஓட வேண்டாம், நேரமில்லை. குத்தகைப் பாதிக்குப் பட்டா கோயில் பேரில் இருக்கும், சாகுபடி உங்கள் கணவருடையது. நம் பக்கத்தில் பாதி ஊர் அப்படித்தான். அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்ற கிராமக் கணக்கில், அவர் பெயர் இருக்கிறதா பாருங்கள், குத்தகை கட்டிய ரசீதுகளையும் எடுங்கள். கோயில் நிலத்தைச் சொத்து மதிப்பில் சேர்த்துவிடாதீர்கள், வருமானத்தில் மட்டும்தான் அது வரும். "ஒரு வேலி" என்று கடிதத்தில் எழுதினால் ஆங்கிலத்தில் பொருளே இல்லை. பட்டா ஹெக்டேரில் பேசுகிறது, நீங்கள் மாவில் பேசுகிறீர்கள், மொழிபெயர்ப்பாளர் ஏக்கரில் எழுதுவார். மூன்றும் மூன்று நிலமாகத் தெரியும். எல்லா இடத்திலும் ஏக்கர் என்று ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். வேலி என்பது சுமார் ஆறரை ஏக்கர், ஆனால் நீங்கள் எழுத வேண்டியது பட்டாவில் உள்ள ஹெக்டேரை மாற்றிய துல்லியமான எண்.

தமிழில் உள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, ஐந்தும் இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு மொழிபெயர்ப்பு என் மேசைக்கு வந்தது. அடங்கலில் இருந்த "பசலி 1434" என்ற வருவாய்த் துறை ஆண்டை மொழிபெயர்த்தவர் அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார். 1434 என்றால் அந்த அதிகாரிக்கு எந்த நூற்றாண்டு நினைவுக்கு வரும்? 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அதே தாளில் இனிஷியலையும் கவனியுங்கள். பட்டாவில் ஓரெழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பேர் முழுசாகப் பின்னால், வங்கியில் முன்னால். நமக்கு ஒரே ஆள், அவர்களுக்கு மூன்று பேர். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு வையுங்கள்.

நகைக் கடன் வாங்கினால் அந்த ரசீது ஒன்றே போதும். பதிவு பெற்ற நிறுவனத்தில் எடுத்த சீட்டு என்றால் அதன் புத்தகம். தெருவில் நாலு பேர் சேர்ந்து போட்ட ஏலச்சீட்டுப் பணத்துக்குக் காகிதம் இருக்காது. அதை விசாவுக்குக் காட்டாதீர்கள், விமான டிக்கெட்டுக்கும் துணிமணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் பங்கு எளிது. அவர் அங்கே சட்டப்படி இருப்பதற்கான ஆவணம், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, எவ்வளவு தருவார், எங்கே தங்கவைப்பார் என்று கையெழுத்திட்ட கடிதம். நீங்களும் அவரும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு இருவர் பிறப்புச் சான்றும் இருந்தால் நல்லது. தாய்மாமன் என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும், அவர்களுக்கு "அம்மாவின் தம்பி" என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

இங்கிருந்து பணம் அனுப்புவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். உங்கள் தேவை அதற்குள் அடங்கிவிடும். சிகிச்சைக்கு என்றால் மருத்துவமனை மதிப்பீட்டைக் காட்டி அதற்கு மேலும் அனுப்ப முடியும். உங்கள் கணவருக்குப் பான் அட்டை கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை வரிப் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போகும் தொகைக்கு 2026 மார்ச் வரை ஐந்து விழுக்காடு, 2026 ஏப்ரல் முதல் இரண்டு விழுக்காடு வங்கி பிடித்துக் கட்டும். படிவத்தில் நோக்கம் "மருத்துவச் சிகிச்சை" என்று இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். வேறு நோக்கம் போட்டால் பிடித்தம் கூடும். அந்தப் பணம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். வரியே கட்டாத உங்கள் கணவர் முதல்முறை கணக்கு தாக்கல் செய்யப்போவது இதற்காகத்தான். விசா வருமுன் மருத்துவமனைக்கு முழுத் தொகையும் அனுப்ப வேண்டாம். முன்பணம் கேட்டால், விசா கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

அடுத்து, நீங்கள் உடன் இருப்பது. இதில்தான் உங்களுக்கு மனசு கஷ்டப்படும். 11 மாதம் நோயாளிக்கு மட்டும்தான். அம்மாவாக இருந்தாலும் உடன் போகிறவருக்கு 6 மாதம்தான். அதனால் நீங்களும் கணவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் பையனோடு நீங்கள் போய், ஆபரேஷனும் திருகு சுற்றும் காலமும் முடிந்து பிப்ரவரி கடைசியில் திரும்புங்கள். அதற்குள் சம்பா அறுத்துப் பணமும் வந்திருக்கும். அவர் அப்போது கிளம்பிப் போய், ஜூன் தொடக்கத்தில் பையனை அழைத்து வந்தால், 12ஆம் தேதி மேட்டூர் திறக்கும்போது குறுவைக்கு ஊரில் இருப்பார். இந்த ஏற்பாட்டையும் அப்படியே கடிதத்தில் எழுதுங்கள். நிலம் காத்திருக்கிறது, திரும்பி வருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை.

18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் விசாவில் உடன் வரும் பெரியவர் இரண்டு பேரைக் குறிப்பிடலாம். உங்களையும் கணவரையும் போடுங்கள். அதற்கு அவருடைய பாஸ்போர்ட் எண் வேண்டும், ஆகையால் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அவருக்கு இந்த வாரமே நாள் எடுங்கள். அவருடைய விசாவுக்கு இப்போது அவசரமில்லை, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பமே போட முடியும். உங்கள் பயணத்தில் அவர் இல்லாததால், பையனை அனுப்பச் சம்மதம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும் பையனின் பிறப்புச் சான்றும் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும். பையனுடையது அடுத்த ஜூனைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

காசநோய்ப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது, பலர் கடைசி வாரத்தில் விழித்துக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்க இந்தியாவிலிருந்து போகிறவர் அதை எடுத்தாக வேண்டும், அதனால் பையனுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்தால்தான் செல்லும். திருவாரூரில் எடுத்த எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதற்கு ஆகாது. சென்னைக்குப் போக வேண்டும். சான்று 6 மாதம் செல்லுபடி. கைரேகை கொடுக்கவும் சென்னைதான், எனவே இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைத்து ஒரே பயணமாக முடித்துவிடுங்கள், பையனை இரண்டு முறை அலைக்கழிக்க வேண்டாம். ஆனால் சான்று கையில் வந்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். ஜூலைக்குள் விண்ணப்பம் போய்விட்டால் ஆகஸ்டில் மூச்சு விடலாம்.

அங்கே போன பிறகு இரண்டு விஷயம். நீங்கள் எந்த வேலையும் செய்யக் கூடாது, தெரிந்தவர் கடையில் உதவி என்றாலும். பையனை அங்கே அரசுப் பள்ளியில் சேர்க்கவும் முடியாது. பாடப் புத்தகங்களைப் பெட்டியில் வையுங்கள், தலைமை ஆசிரியரிடம் மருத்துவ விடுப்புக்குக் கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதமும் விசாவுக்கு உதவும். தனியார் மருத்துவமனை மதிப்பீட்டில் திடீர்ச் சிக்கலுக்கான செலவு அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அங்குள்ள அரசு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் வெளிநாட்டவருக்கு ஒன்றரை மடங்கு கட்டணம் போடுவார்கள். 500 பவுண்டு பாக்கி நின்றாலே அடுத்த விசாவுக்கு அது முட்டுக்கட்டை.

இன்னொன்று விசாவில் சேராதது. தம்பி வீட்டில் படுக்கையறை மாடியில்தானா என்று அடுத்த முறை பேசும்போது கேளுங்கள். அந்த ஊர் வீடுகளில் படி குறுகல், குளியலறையும் பெரும்பாலும் மேலேதான். காலைச் சுற்றி வளையத்தோடு பையன் மாதக்கணக்கில் அதில் ஏறி இறங்க வேண்டும். கீழே கூடத்தில் ஒரு கட்டில் போட இடமிருக்கிறதா என்று அவர் இப்போதே அளந்து பார்க்கட்டும்.